ஒரு வருஷமாவது பழகியவர்

பயப்படாதீர்கள், உங்கள் செருப்பு அலமாரி விஷயமாக வரவில்லை. அது பொது நடைபாதையில் இருக்கிறது, இருக்கக்கூடாது, அதை அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெயர் குறிப்பிடவில்லை. படம் மட்டும்தான். அதை விடுங்கள். இது ரவா லட்டு. நெய் வீட்டில் காய்ச்சியது, எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்காரலாமா? உட்கார்ந்துவிட்டேன். நான் எதிர் ஃபிளாட், பிரமிளா. நீங்கள் சங்கவி. மதுரையிலிருந்து வந்திருக்கிறீர்கள், வந்து பத்து நாளாகிறது, வீட்டுக்காரர் காலையில் போனால் ராத்திரிதான் வருகிறார். எப்படித் தெரியும் என்று பார்க்காதீர்கள். விசாரித்து வைப்பது என் வழக்கம். விசாரிக்காமல் யாரையும் பக்கத்தில் விடக்கூடாது. நான் வந்திருப்பதும் அது சம்பந்தமாகத்தான்.

மூன்றரைக்கு ஒரு ஏட்டு வருவார். போலீஸ் ஏட்டுதான். ஏன் முகம் அப்படிப் போகிறது? உங்களைப் பிடிக்க வரவில்லை. என்னைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை கேட்பார். ஏன் கேட்பார், நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்களுக்கும் சுலபம். சுருக்கமாகத்தான் சொல்வேன். எங்கள் கான்வென்டில் அப்படிப் பழக்கினார்கள். நான் எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்தாலே மதர் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார், "டு தி பாயின்ட், பிரமிளா" என்று. மற்ற பிள்ளைகளுக்குத் தட்டமாட்டார். என் மேல் மட்டும் அவ்வளவு அக்கறை.

தெருக்கோடியில் பச்சை கேட் போட்ட கட்டடம் பார்த்திருப்பீர்கள். வேப்பமரம் வெளியே நிற்கும். அமலி இல்லம். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள், இருந்தும் இல்லாத பிள்ளைகள், எல்லாம் பெண்கள். சிஸ்டர் பெனடிக்டா நடத்துகிறார். என் மகள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு, சாயங்காலம் சும்மாதானே இருக்கிறோம் என்று இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போனேன். போன முதல் நாளே எனக்குத் திக்கென்றது. ஒருத்தர் கீபோர்டு வாசிக்கிறார். ஒருத்தர் பிறந்தநாள் என்று பிரியாணி டேக்சாவோடு வருகிறார். ஒரு பெண் மர நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கிறாள். யார், எந்த ஊர், ஒரு தகவல் கிடையாது.

"சிஸ்டர், இவங்கள்லாம் யாரு?" என்றேன்.

"நல்லவங்கம்மா."

"எப்படித் தெரியும்?"

"வர்றாங்களே."

இது ஒரு பதிலா, நீங்களே சொல்லுங்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற இடம். நாட்டில் என்னென்ன நடக்கிறது. நல்லவன் மாதிரி வருகிறவன்தானே கெடுதல் பண்ணுகிறான், கெட்டவன் மாதிரி வந்தால் வாட்ச்மேனே விரட்டிவிடுவான். இதில் நான் சொன்னது ஒன்றும் தப்பில்லை. இன்றைக்கும் சொல்வேன். சிஸ்டர் பாவம், தலையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நீங்களே பாத்துக்குங்க பிரமிளா" என்றார். பார்த்துக்கொண்டேன்.

வாசல் பக்கம் ஒரு மேஜை போட்டேன். உள்ளே வருகிற வாலண்டியர் யாராக இருந்தாலும் முதலில் அரைநாள் பயிற்சி. கடைசியில் பரீட்சை. பிறகு போலீஸ் சான்றிதழ். அதற்காக ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் போகும், அதன் வாசகம் முழுக்க நான் எழுதியது. "விண்ணப்பதாரரின் அக்கம்பக்கத்தில், அவருடன் ஒரு வருஷமாவது பழகிய, உறவினர் அல்லாத இருவரை விசாரித்து எழுதவும்." அந்த ஒரு வருஷமும் உறவினர் அல்லாதவரும் நான் சேர்த்தது. போலீசுக்கு அவ்வளவு தூரம் யோசனை போகாது. கேட்டில் பலகையும் மாட்டினேன். "பயிற்சியும் சான்றிதழும் இல்லாத எவரும் இந்த வாசலைத் தாண்டக்கூடாது. விதிவிலக்கு இல்லை." கீழே என் கையெழுத்து.

முதல் வாரமே கீபோர்டுக்காரர் பரீட்சையில் தவறிவிட்டார். பயிற்சி நடக்கும்போது தூங்கினால் வேறென்ன ஆகும். பிரியாணிக்காரர், "எங்க அம்மா நினைவு நாளுக்கு அம்பது சாப்பாடு கொடுக்க நான் எதுக்குங்க ஸ்டேஷன் ஏறணும்" என்று டேக்சாவைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். போகட்டுமே. அன்றைக்குப் பிள்ளைகள் உப்புமா சாப்பிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தா கதையை இந்தக் கட்டடத்தில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மூன்றாம் மாடி ரேணுகாதேவி சொல்லியிருப்பாள், அவளுக்கு வேறு வேலை கிடையாது. நடந்தது இதுதான். டிசம்பரில் கேரல் கோஷ்டி வந்தது. நடுவில் சிவப்பு அங்கி, பஞ்சுத்தாடி, முகமூடி. மணியை ஆட்டிக்கொண்டு நேரே உள்ளே நுழைகிறார். நான் மேஜையிலிருந்து எழுந்தேன். "சான்றிதழ்?" என்றேன். அவர் ஆடினார். "ஆடறது அப்புறம். சான்றிதழ்?" என்றேன். அங்கிக்குள் கையை விட்டுத் தேடி, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒட்டியிருந்த படத்தில் தாடி இல்லை. இவருக்கு இருக்கிறது. இவர்தான் அவர் என்று எப்படி நம்புவது? கழற்றச் சொன்னேன். கழற்றினார். நம் முக்கு முட்டைக்கடை சூசை.

பிள்ளைகளெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒரு பொடிசு, "ஐயோ, முட்டைக்கார மாமா" என்று அழுதது. அழுதால் என்ன, என்றைக்காவது தெரிய வேண்டியதுதானே. அன்றிலிருந்து சூசை எனக்கு விரிசல் விட்ட முட்டையாகப் பார்த்துத் தருகிறான். அதையும் நான் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது ஜெயசுதா. இதுதான் முக்கியம், லட்டை அப்புறம் சாப்பிடலாம், கவனியுங்கள்.

பேன் பார்க்கிற பெண் என்றேனே, அவள்தான். பாலத்தடியில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர். திங்கட்கிழமை கடை லீவு, அன்றைக்கு இல்லத்துக்கு வந்து பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, பின்னி விட்டுப் போவாள். பயிற்சிக்கு வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளைத் தொடக்கூடாது என்ற படம் திரையில் வந்ததும் கை தூக்கினாள்.

"மேடம், தொடாம எப்படி மேடம் தலை சீவறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த மாதிரிக் கேள்வி பிடிக்காது. "முதல்ல சான்றிதழ் வரட்டும், அப்புறம் சீவறதைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

சான்றிதழ் வரவில்லை. புருஷனோடு ஒத்துவராமல் மணப்பாறையிலிருந்து தனியாக வந்தவள். ஊருக்கு வந்தே ஆறேழு மாசம்தான். ஒரு வருஷம் பழகியவர் என்று யாரைக் காட்டுவாள்? அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார அம்மா ஏட்டிடம், "கொஞ்ச நாளா தெரியுங்க, தங்கமான பொண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். அது இல்லத்துக்கு வந்ததும் நான் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள்? அப்படிச் சொல்வதே ஏமாற்று இல்லையா? தங்கமாம். உரசிப் பார்த்தாளா?

ஜெயசுதா கேட்டுக்கு வெளியே நின்று, "மேடம், வேணும்னா நான் இங்கயே மரத்தடில உக்காந்துக்கறேன், பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா அனுப்புங்க" என்றாள். பிள்ளைகள் கேட்டைத் தாண்டுவதா? அது வேறு விதி. முடியாது என்றேன்.

நாலு வாரத்தில் பிள்ளைகள் தலையெல்லாம் பேன். சிஸ்டருக்கு வயசாகிவிட்டது, இத்தனை தலைக்கு எங்கே போவார். ஒரு நாள் முடிவெட்டுகிறவரை வரவழைத்து எல்லோருக்கும் கழுத்தோடு ஒட்ட வெட்டிவிட்டார்கள். முடிவெட்டுகிறவருக்குச் சான்றிதழ் இருந்தது, நான் பார்த்தேன். பூங்கொடி என்று ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு, என்னிடம்தான் இங்கிலீஷ் படிக்கிறாள். இடுப்பு வரைக்கும் முடி. அவள் அம்மா இருந்தபோது வளர்த்துவிட்டதாம். வெட்டின அன்றைக்கு என் வகுப்புக்கு வந்தாள், தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், புத்தகத்தைத் திறக்கவில்லை. வெயில் காலம் வருகிறது, கழுத்துக்குக் காற்றாக இருக்கும் என்று சொன்னேன். துப்பட்டாவை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சொன்னாலும் கோபம்.

ரேணுகாதேவி என்ன சொல்கிறாள் தெரியுமா? நான்தான் அந்த முடியை வெட்டினேனாம். கத்தரிக்கோலை நான் தொட்டதுகூடக் கிடையாது.

சரி, கேளுங்கள். போன மாதம் அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு அம்மாள் வந்தார். நான் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் பார்க்க வேண்டுமே என்றுதான் பார்த்தேன். அந்த அம்மாள், "உங்களோடது எங்கம்மா?" என்றார்.

"என்னோடது எது?"

"உங்க சான்றிதழ்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிஸ்டரும் சிரிக்கவில்லை. "நான்தாங்க இதெல்லாம் பாத்துக்கறது" என்று விளக்கினேன். "அது புரியுது. உங்களை யாரு பாத்தாங்க?" என்கிறார். அரசாங்க வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்றைப் பத்து தரம் சொன்னால்தான் ஏறும்.

மறுநாள் சாயங்காலம் போகிறேன், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. பலகையைக் கையால் காட்டுகிறான். என் கையெழுத்தை எனக்கே காட்டுகிறான். "எனக்குமா?" என்றேன். "விதிவிலக்கு இல்லைன்னு போட்டிருக்கும்மா" என்றான். அந்த வார்த்தையை அவனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்.

சரி, விதி விதிதான், நானே விண்ணப்பம் போட்டேன். ஸ்டேஷனில் எனக்கு நல்ல மரியாதை. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தர் பின்பக்கமாக வெளியே போனார். கோவில் ஒலிபெருக்கி, முதல் மாடி நாய், மொட்டை மாடி வத்தல், பக்கத்துத் தெரு சேவல் எல்லாவற்றுக்கும் நான் மனு கொடுத்திருக்கிறேனே. "உங்களை எங்களுக்கு நல்லாத் தெரியும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகென்ன, சான்றிதழ் வீட்டுக்கே வந்துவிடும் என்று நினைத்தேன்.

ஏட்டு விசாரணைக்கு வந்தார். இந்தக் கட்டடத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். ரேணுகாதேவி கதவைத் திறந்து, "பிரமிளாவா? நல்லவங்கதான். ஆனா" என்றாளாம். அதற்கு மேல் சொல்லவில்லை. ஏட்டு அந்த ஆனாவையும் எழுதிக்கொண்டார். முதல் மாடியில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். செயலாளர் கஜேந்திரன் இருக்கிறாரே, அசோசியேஷனுக்கு நான் எழுதின புகார்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து ஏட்டிடம் கொடுத்து, "நான் எதுவும் சொல்லலைங்க, நீங்களே படிச்சுக்குங்க" என்றிருக்கிறார். பொறாமை. வேறொன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்றால் அவர் உறவினர். அப்படியும் ஏட்டு ஒரு மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். "அவ சொல்றது எல்லாமே சரியாத்தாங்க இருக்கும்" என்றாராம் இவர். ஏட்டு இவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இப்போது கீழே இஸ்திரி போடுகிற தனபால் ஒருத்தர் சரி என்றிருக்கிறார். இன்னும் ஒருத்தர் வேண்டும். இன்றைக்குள் சொன்னால் உண்டு. அந்த மேஜை யாருக்கு என்று நாளைக்கு சிஸ்டர் முடிவு செய்துவிடுவார். என் மேஜையில் இப்போது யார் தெரியுமா? ஜெயசுதா. அவளுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, சான்றிதழ் வந்துவிட்டது, எல்லாம் முறைப்படி. நான் கேட்டில் நிற்கிறேன், அவள் என் நாற்காலியில் இருக்கிறாள். ஓடி வந்தாள். "உள்ள வாங்க மேடம்னு சொல்லத்தான் ஆசை. ஆனா விதி நீங்க சொல்லிக் கொடுத்ததாச்சே" என்றாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் எனக்குப் போட்டாள். திமிரைப் பாருங்கள். நான் உட்காரவில்லை.

எதிரே பஸ் ஸ்டாப் இருக்கிறது, அங்கே உட்கார்ந்துகொள்கிறேன். நாலு மணிக்கு. தினமும்தான். பஸ்ஸுக்காக. வீட்டுக்கு நடந்து போனால் ஐந்து நிமிஷம், அது வேறு விஷயம். நாலு மணிக்குப் பூங்கொடி மாடி ஜன்னலுக்கு வருவாள். இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பாள். ரோடு தாண்டிக் கேட்கும், அப்படி ஒரு குரல். தப்பு வந்தால் நான் எழுந்து நின்று கையை ஆட்டுவேன். உடனே நிறுத்திவிட்டு, சரியாக வாசிப்பாள். ஆனால் பாருங்கள், தினமும் அதே பாடம், அதே வரி, அதே தப்பு. தப்பாக வாசித்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்ப்பாள். நான் எழுந்து கையை ஆட்ட வேண்டும். எத்தனை தரம் திருத்தினாலும் அந்த ஒரு தப்பை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். மண்டையில் ஏறவில்லை. இப்படியே விட்டால் அந்தப் பெண்ணின் இங்கிலீஷ் என்னத்துக்கு ஆகும்? அதற்காகத்தான் கேட்கிறேன். எனக்காக இல்லை. எனக்கென்ன, வீட்டில் டி.வி. இருக்கிறது.

இன்னொரு லட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏட்டு கேட்பார், "இவங்களை எவ்வளவு நாளா தெரியும்?" என்று. ஒரு வருஷம் என்று சொல்லுங்கள் என நான் சொல்லமாட்டேன். பொய் சொல்லச் சொல்கிற ஆள் நான் இல்லை. "கொஞ்ச நாளா தெரியும்" என்று சொன்னால் போதும். கொஞ்ச நாள் என்பதற்கு அளவா இருக்கிறது? பத்து நாளும் கொஞ்ச நாள்தான், ஒரு வருஷமும் கொஞ்ச நாள்தான், அவரவர் மனசைப் பொறுத்தது. என்ன யோசிக்கிறீர்கள்? அது வேறு, இது வேறு. அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு ஜெயசுதாவைப் பற்றி என்ன தெரியும்? என்னைப் பற்றி இந்த அரை மணி நேரத்தில் உங்களுக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது.

ஆள் எப்படி என்று கேட்டால், அமைதியானவங்க, அதிகம் பேசமாட்டாங்க, யார் வம்புக்கும் போகமாட்டாங்க என்று சொல்லுங்கள். இதை மனப்பாடம் பண்ணவேண்டியதில்லை. உங்களுக்குத் தோன்றுகிற மாதிரி, ஆனால் இதே வரிசையில்.

மணி அடிக்கிறது. இருங்கள், நானே திறக்கிறேன். வாங்க ஏட்டையா. பாத்து, அந்த அலமாரி தடுக்கப் போகுது, ஏற்கெனவே சொன்னேன் அது அங்க இருக்கக்கூடாதுன்னு. இவங்கதான் சங்கவி. என்னை இவங்களுக்கு, நீங்களே கேளுங்க. சொல்லுங்கம்மா. நான் குறுக்கே பேசமாட்டேன்.

போய்விட்டார்.

"பத்து நாளா தெரியும்" என்று சொல்லிவிட்டீர்கள்.

சரியான விடைதான். பயிற்சியில் இந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். அவரும் பத்து நாள் என்று எழுதிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். "பேசிட்டே இருந்தாங்க, ஆனா அந்தப் பொண்ணுக்காகத்தான் வந்திருக்காங்கன்னு தோணுது" என்றும் சொன்னீர்களே, அது எந்தக் கேள்விக்கு? ஏட்டு அதைக் கேட்கவேயில்லை. கேட்காததற்கு பதில் சொல்லக்கூடாது. அதையும் எழுதினாரா? நான் பார்க்கவில்லை. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. இந்த ஃபிளாட்டில் ஃபேனைத் துடைக்கவேயில்லை போலிருக்கிறது.

ரிப்போர்ட்டில் ஒரு வருஷம் இல்லை, அதனால் மேஜை ஜெயசுதாவுக்குத்தான். விதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே, மறந்துவிட்டு என்னை உள்ளே விட்டிருந்தால் அவளை நானே ஃபெயில் பண்ணியிருப்பேன்.

மணி என்ன? நாலாகப் போகிறது. நான் கிளம்ப வேண்டும், அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். நீங்களும் சும்மாதானே இருக்கிறீர்கள். வாருங்களேன், பஸ் ஸ்டாப் வரைக்கும். அங்கே காற்று நன்றாக வரும். ஜெயசுதா போட்ட நாற்காலி வேறு சும்மா கிடக்கிறது, அதை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு ஆரம்பித்துத் தினமும் வந்தால்தானே நமக்குள் ஒரு வருஷம் ஆகும். பத்து நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கதவைப் பூட்டுங்கள். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அதை ஏன் உள்ளே இழுக்கிறீர்கள்? இருக்கட்டும். இந்த அலமாரி இங்கேயே இருக்கட்டும். ஒரு வருஷத்துக்கு நான் எதுவும் சொல்லமாட்டேன்.